நிலைக்கு மேலே போன ஒயர்

ஏற்காடு பஸ் நிறுத்தத்துக்கு மேலே ரஹமத்துல்லாவும் ஆயிஷாவும் ஸ்வெட்டர் கடை வைத்திருந்தார்கள். முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் குறுகலான நடை. எண்பத்தெட்டாம் வருஷம் ஆடி மழையில் ஒரு சாயங்காலம் மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்து வீடு பற்றிக்கொண்டது. மனைவியையும் மகள் ஜரீனாவையும் வெளியே விட்டுவிட்டு, மண்ணெண்ணெய் டின்னை அப்புறப்படுத்த ரஹமத்துல்லா மறுபடி உள்ளே போனார். கரண்ட் மெயினை யாரோ அணைத்திருந்தார்கள். திரும்பும்போது நடை முழுக்கப் புகை. கதவு நிலைக்கு மேலே அடித்திருந்த ஒயர்கள் கழன்று கொத்தாகத் தொங்கின. அவர் கழுத்திலும் தோளிலும் அவை சிக்கிக்கொண்டன. ஆட்கள் அறுத்து இழுத்து வந்தபோது மூச்சு இருந்தது. சேலத்துக்குக் கொண்டுபோகும் வழியில், அடிவாரத்தில் நின்றுவிட்டது.

ஆயிஷா அழவில்லை. பக்கத்தில் கொழுந்தன் சையத் இப்ராஹிம் வீட்டில், வெளி ஆண்கள் கண்ணில் படாமல், விதவைக்கான நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்தாள். சோறு வைத்தால் சாப்பிட்டாள். படுக்கச் சொன்னால் படுத்தாள். ஒருநாள் குழம்பில் உப்பே இல்லை. மற்றவர்கள் சொன்ன பிறகும் அவளுக்கு அது தெரியவில்லை.

எரிந்த வீட்டைச் சரிசெய்ய ஒயர்மேன் மரியஜோசப் வந்தார். அவரும் கொழுந்தனும் பேசிக்கொண்டிருக்கையில் திரைக்குப் பின்னாலிருந்து ஆயிஷா கேட்டாள்.

"ஏனுங்க, அந்த ஒயரு ஏன் கீழ வந்துச்சு?"

மரியஜோசப் கொஞ்சம் தயங்கினார். "பிளாஸ்டிக் கிளிப்புங்கம்மா. சூடு பட்டா ஒயருக்கு முன்னால அது இளகிரும். புடி உட்டுப்போனா எல்லாம் தொங்கிரும்."

"இப்ப என்ன அடிக்கப்போறீங்க?"

"அதேதானுங்க. எல்லா ஊட்டுக்கும் இப்ப அதுதான்."

"இரும்புல அடிங்க."

சையத் இப்ராஹிம் மெதுவாகச் சொன்னார். "அண்ணி, போனவரு திரும்பி வரப்போறதில்லீங்களே."

"தெரியுமுங்க. இரும்புல அடிக்கச் சொல்லுங்க."

அவள் குரலில் கோபமோ துக்கமோ இல்லை. அரிசி வாங்கிவரச் சொல்வது போல இருந்தது.

மரியஜோசப் இரும்புத் தகட்டை வளைத்துச் சின்னச் சின்னப் பட்டைகள் செய்தார். ஒயரை வெட்டாமலிருக்க ஓரங்களை அரம் போட்டு மழுக்கினார். நிலைக்கு மேலே நெருக்கமாக, ஒவ்வொரு பட்டையையும் சுவரோடு திருகாணி போட்டு முடுக்கினார். நடையில் வேலை முடிந்ததும், "உள்ரூமுக்கு பிளாஸ்டிக் போதுங்களா?" என்று கேட்டனுப்பினார். வேண்டாம் என்று பதில் வந்தது.

இத்தா முடிந்து ஆயிஷா மகளோடு தன் வீட்டுக்குப் போனாள். அந்த நிலையைத் தாண்டும்போது பயம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. வேறெதுவும்கூட வரவில்லை. புதுச் சுண்ணாம்பு வாடைதான் அடித்தது. நேராகக் கடைக்குப் போய்ப் பலகைகளைக் கழற்றினாள்.

குளிர் ஆரம்பித்திருந்தது. கொட்டச்சேடு மலைக்கிராமத்திலிருந்து வெள்ளையன் வந்தார். வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் வாங்குகிறவர்.

"பாய் எங்கீங்க, சேலம் போயிருக்கறாருங்களா?"

"மவுத்தாயிட்டாருங்க. ஊடு தீப்புடிச்சதுல."

அதுவரை எல்லாம் மற்றவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் வாயால் சொன்னது அப்போதுதான். வெள்ளையன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆயிஷா இரண்டு ஸ்வெட்டரை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். அளவு சரியாக இருக்குமா என்று கேட்டாள். ஒன்று பிள்ளைகள் அளவே இல்லை, ரஹமத்துல்லா போடுகிற அளவு. அதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.