நெல் மேல் போட்ட பிரேக்

இந்த வருடம் ஆடி மாதக் கடைசியில் ஒரு மாலை, பாபநாசத்திலிருந்து தஞ்சாவூருக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு தனியார் பஸ். அய்யம்பேட்டை வரை அதன் புகையைக் குடித்தபடியே வந்தேன், தாண்ட முடியவில்லை. அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கார் வந்தது. பார்ப்பதற்கு எல்லார் வீட்டு வாசலிலும் நிற்கிற ஹேட்ச்பேக் மாதிரிதான். ஓட்டியவர் கியரை ஒன்று குறைத்தார். மூக்கால் மூச்சை இழுப்பது போல 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பஸ்ஸைத் தாண்டி அந்தக் கார் புள்ளியாகிவிட்டது. டர்போ எஞ்சின்! ஸ்கூட்டரை ஓரங்கட்டி நின்றுவிட்டேன். வாங்கினால் இப்படி ஒன்றைத்தான் வாங்குவது என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

புதிதாக வாங்க என் சம்பளம் இடம் கொடுக்காது. வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள் நான். சேமிப்பைத் திரட்டினால் செகண்ட் ஹேண்ட் வாங்கலாம். ஆனால் வேகமான கார்களை செகண்ட் ஹேண்டில் வாங்குவதில் ஒரு சங்கடம் உண்டு. முதல் சொந்தக்காரர் அதை எப்படி விரட்டியிருப்பார் என்று யாருக்குத் தெரியும்? எஞ்சினுடைய கணினியில் கைவைத்துப் பவரைக் கூட்டியிருப்பார்கள். கிளட்ச் தேய்ந்திருக்கும். விற்கும்போது மட்டும் பூஜை போட்ட மாதிரி மின்னும். அதனால் படித்தேன். வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். காரோடு செல்போனை இணைத்துக் கோளாறுகளைக் காட்டும் சின்னக் கருவி ஒன்றும் வாங்கினேன். கும்பகோணத்தில் பார்த்த கார் வெள்ளத்தில் நின்ற கார். சீட் பெல்ட்டை முழுசாக இழுத்ததும் சேறு காட்டிக்கொடுத்துவிட்டது. திருச்சியில் பார்த்ததில் ஒரு கதவு வேறு கலர். ஒவ்வொரு காரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரும்போது எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறியது. அப்பா மட்டும் கிண்டல் செய்வார்: "பொண்ணு பாக்கப் போற மாதிரி போயி பஜ்ஜி சாப்பிட்டுட்டு வர்றியே, எதையாவது புடிச்சிருக்குன்னு சொல்லேன்."

புரட்டாசியில் ஒன்று பிடித்தது. பூதலூர் பக்கம் ஒரு கிராமம். விற்கிறவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும். தீபாவளி முடிந்ததும் திரும்பிப் போகிறார். மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவர்களுடைய வயல் மேட்டுப்பாங்கு, வாய்க்கால் தண்ணீர் ஏறாது. காரை விற்று அந்தப் பணத்தில் போர்வெல் போட்டுக் கொடுத்துவிட்டால், அவர் இல்லாதபோதும் மனைவி தண்ணீருக்கு யாரையும் எதிர்பார்க்காமல் வெள்ளாமை பார்ப்பார். இதையெல்லாம் போனிலேயே மறைக்காமல் சொல்லிவிட்டார். விற்கிறவர் அவசரத்தைக் காட்டக் கூடாது என்பதுகூடத் தெரியாத மனிதர்.

நான் தனியாகப் போய் இறங்கியதும் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அப்பா வரலியாம்மா?"

"அப்பாவுக்குக் காரைப் பத்தி ஒண்ணும் தெரியாதுண்ணே. நான்தான் பாக்கணும்."

"அண்ணன், தம்பி யாராச்சும்..."

"நான்தாண்ணே."

எனக்குச் சுருக்கென்றது. காட்டுகிறேன் என்று உள்ளே ஒரு வீம்பு. பானெட்டைத் திறந்தேன், டயரின் வயதைப் படித்தேன், கருவியைச் சொருகிச் செல்போனில் ஓடிய எண்களை ஒவ்வொன்றாக அவருக்கு விளக்கினேன். அவர் வாயைப் பிளந்து பார்த்தார். "எனக்கே தெரியாதும்மா இதெல்லாம். பெட்ரோல் போடுவேன், துடைப்பேன், அவ்ளோதான்" என்றார். அவர் மனைவி கொண்டுவந்த மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

நெடுஞ்சாலைக்குப் போகலாம் என்றார் அவர். நான் ஆற்றங்கரை ரோட்டைக் கேட்டேன். பெரும்பாலும் நேர் ரோடு, வண்டி குறைவு.

"அங்க நெல்லு காயப் போட்டிருப்பாங்கம்மா. நிதானமாப் போங்க."

"தெரியும்ணே. நானும் விவசாயி வீட்டுப் பொண்ணுதான்."

நிஜமாகவே தெரியும். குறுவை அறுப்பு சமயத்தில் எங்கள் பக்கம் எந்த ரோட்டில் பாதி ரோடு நமக்குச் சொந்தம்? ஈரமாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். வெயில் அடிக்கிற நேரத்தில் தார் ரோட்டில் பரப்பிக் காய வைத்தால்தான் உண்டு. ஓரத்தில் கல்லை அடுக்கி எல்லை கட்டியிருப்பார்கள். மீதிப் பாதியில் எல்லாரும் ஒதுங்கிப் போவோம். எங்கள் நெல்லையும் இப்படித்தான் காய வைக்கிறோம். நெல்மணி மேல் சக்கரம் ஏறினால் பிரேக் பிடித்தாலும் எந்த வண்டியும் நிற்காது என்பது எங்கள் பக்கம் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

எல்லாம் தெரிந்தும் இரண்டாவது கியரில் அழுத்தினேன். அந்த 'ஸ்ஸ்' சத்தம் கேட்டது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. "எப்டி இழுக்குது பாத்தீங்களாண்ணே!" என்று அவர் காரையே அவருக்கு அறிமுகப்படுத்தினேன். வளைவில் எதிரே ஒருவர் மொபெட்டில் புல்லுக்கட்டோடு வந்தார். ஒதுங்க இடமில்லை. பிரேக்கில் ஏறி மிதித்தேன். காரின் ஒரு பக்கம் அதற்குள் நெல்லில் ஏறியிருந்தது. கற்கள் அடியில் தடதடத்தன. கார் நிற்காமல் சறுக்கிக்கொண்டே போனது. நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த ஒரு பெண், அவ்வளவு பெரிய உடம்போடு, கரைச் சரிவில் குதித்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்த ஒரு கணத்தை இன்னும் கண்ணை மூடிப் பார்க்க முடியவில்லை. நெல் அலையாக எழும்பி ரோட்டோர வாய்க்காலில் விழுந்தது. கார் நின்றது.

சரிவிலிருந்து அந்த அக்கா ஏறி வந்தார். முழங்கை சிராய்த்திருந்தது. என்னைத் திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்தேன். அவரோ நேரே பக்கத்து சீட்டில் இருந்த தன் ஊர்க்காரரிடம் போனார்.

"ஏன்டா, பொம்பளப் புள்ள கையில வண்டியக் குடுத்துட்டு ஓரமா உக்காந்து வேடிக்கை பாக்குறியா? அறிவிருக்கா ஒனக்கு? இன்னிக்கு என்னை அனுப்பி வச்சிருப்பியேடா!"

"அக்கா, அடி பட்டுச்சாக்கா? தப்புதாங்க்கா."

தப்பு என்று அவர்தான் சொன்னார். நான் வாயே திறக்கவில்லை. என்னை ஒரு ஆளாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லையே என்று அந்த நேரத்திலும் ஒரு ரோஷம். அதற்குள் அந்த அக்காவின் கணவர் ஓடிவந்தார். இன்னும் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். கணவர் டயர் தடத்தைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், என்னிடம் கேட்டார்: "என்னம்மா, பிரேக்கு புடிக்கலியா?"

நானாகப் பொய்யைத் தேடவில்லை. அவர் கேள்வியே ஒரு கதவைத் திறந்து வைத்தது. நான் நுழைந்துவிட்டேன்.

"ஆமாங்க. பிரேக் சரியாப் பிடிக்கலை."

கார்க்காரர் சட்டென்று திரும்பினார். "நெசமாவாம்மா?"

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! "மிதிச்சா பஞ்சு மாதிரி உள்ள போகுதுண்ணே. பிரேக் ஆயில்ல காத்து ஏறியிருக்கலாம்" என்றேன். அத்தனை பேரும் தலையாட்டினார்கள். 'படிச்ச புள்ள, சரியாச் சொல்லுது' என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. வழுக்கியது நெல், வேகம் என்னுடையது.

எல்லாரும் துடைப்பமும் முறமும் எடுத்து நெல்லைக் கூட்டினோம். நானும் கூட்டினேன். நெல்லின் சுனை பட்டுக் கழுத்தெல்லாம் அரித்தது. வாய்க்காலில் விழுந்ததைக் காட்டி, "விடு, வாத்து மேய்க்கறவன் குடுத்து வச்சவன்" என்றார் அந்த அக்காவின் கணவர். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கல்லும் மண்ணும் கலந்த நெல்லைத் திரும்பத் தூற்றியாக வேண்டும். அன்றைக்குக் கொள்முதலுக்குக் கொண்டுபோவதாக இருந்த மூட்டைகள் அப்படியே நின்றன. ஈடு கட்டுகிறேன் என்று பையைத் திறந்தேன். "அதெல்லாம் அவன்கிட்ட பேசிக்கிறோம், நீ ஊரு போய்ச் சேரு" என்று அக்கா கையைத் தள்ளிவிட்டார்.

இந்தக் கார்க்காரர் என் பொய்யைப் பொறுத்துக்கொண்டு எனக்காகப் பழியை ஏற்கிறார் என்றுதான் அதுவரை நினைத்தேன். அதில் ஒரு ஆறுதல்கூட இருந்தது. அப்போது அவருடைய போன் அடித்தது. முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். எதிர்முனையில், காரைப் பார்க்க அன்று சாயங்காலம் வருவதாக இருந்த இன்னொருவர்.

"சார், இன்னிக்கு வராதீங்க. பிரேக்குல ஏதோ கோளாறு இருக்குது. இப்பதான் தெரிஞ்சுது. சரி பண்ணாம குடுக்கக் கூடாது சார். நீங்க வேற பாக்கறதுன்னாலும் பாருங்க."

பேசிவிட்டு மறுபடி முறத்தை எடுத்தார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், நன்றி சொல்வதைப் போல. அப்போதுதான் புரிந்தது. அவர் என்னைக் காப்பாற்றவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். எண்ணெண்ணாக விளக்கிய வாய் சொன்னதாயிற்றே!

அப்போதும் நான் சொல்லவில்லை. துடைப்பத்தைச் சாத்திவிட்டு ரயிலேறி வந்துவிட்டேன்.

வீட்டில் அப்பா, "என்ன, பஜ்ஜியா, வண்டியா?" என்றார்.

"பிரேக் சரியில்லப்பா."

"தெரிஞ்சும் சொல்லாம விக்கப் பாத்தானா? என்ன மனுஷன்!"

"இல்லப்பா, அவரு நல்லவருதான்" என்றேன். ஒரு பொய் எப்படிக் கிளை விடுகிறது என்பதை வீட்டுக் கூடத்தில் நின்று பார்த்தேன். அப்பாவின் வாயில் ஒரு நல்ல மனிதர் ஏமாற்றுக்காரராகிவிட்டார்.

சில நாள் தள்ளிப் போட்டுவிட்டுப் போன் செய்தேன். "சொல்லுங்கம்மா! நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார் உற்சாகமாக. "நீங்க சொன்னதுதான் நல்லதாப் போச்சு. தஞ்சாவூர்ல விட்டு நாலு வீலையும் கழட்டிப் பாத்தாச்சு. ஒண்ணுமில்லங்கறான் மெக்கானிக்கு. எனக்கு மனசு கேக்கல. ஆயிலு, பேடு எல்லாத்தையும் மாத்தச் சொல்லிட்டேன்." சாயங்காலம் வருவதாக இருந்தவர் வேறு கார் எடுத்துவிட்டாராம். போர் போடுகிற வண்டிக்காரரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் சொன்னேன். வார்த்தை கோர்வையாக வரவில்லை. பிரேக் நன்றாகத்தான் பிடித்தது, நான்தான் வேகமாகப் போனேன், பயத்தில் சொல்லிவிட்டேன், பஞ்சு மாதிரி என்றது என் கற்பனை. எல்லாவற்றையும் கொட்டினேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப வண்டில ஒண்ணுமில்ல" என்றார்.

"இல்லண்ணே."

"பொண்டாட்டியையும் கைப்புள்ளையையும் வச்சுக்கிட்டு இந்த வண்டில கொடைக்கானல் மலை ஏறி எறங்கியிருக்கேம்மா. இந்த பிரேக்கோடயா அதுங்கள ஏத்திட்டுப் போனோம்னு நெனச்சு நெனச்சு எனக்குச் சோறு எறங்கல."

நான் கெடுத்தது ஒரு விற்பனையை என்றுதான் எண்ணியிருந்தேன். அவருடைய பழைய சந்தோஷத்திலும் கைவைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அண்ணே, நானே வண்டிய எடுத்துக்கறேன். நீங்க முதல்ல சொன்ன விலைக்கே."

"வேணாம்மா." குரலில் கோபம் இல்லை. "உங்களுக்கு எப்படி விப்பேன்? பிரேக்கு இல்லாத வண்டிய ஒரு பொம்பளப் புள்ள தலையில கட்டிட்டியேடான்னு அக்கா கேக்கும். ஊருல இப்ப அதான் பேச்சு. நான் போயி, அந்தப் பொண்ணு பொய் சொல்லிடுச்சுன்னு சொன்னா, விக்கறதுக்காகச் சொல்றான்னுதான் நெனப்பாங்க. நான் சொல்லி எடுபடாது."

அவர் என்னைப் போகச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஊரில் போய் நின்று நானே சொன்னால்தான் உண்டு, வேறு யார் சொன்னாலும் எடுபடாது.

அப்பாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். "நானும் வரவா?" என்றார். வேண்டாம் என்றேன். அன்றைக்குத் தனியாகப் போனது வீம்பு. இந்தத் தடவை தனியாகப் போனால்தான் சரி.

கார்களைப் பற்றி நான் படித்தது எதுவும் வீணில்லை. ஒரு காரை ஓட்டியவர் எப்படி நடத்தியிருப்பார் என்று கண்டுபிடிக்கத்தான் அத்தனையும் கற்றேன். ஒரே ஒரு மதியம் என் கையில் இருந்த காரை நான் எப்படி நடத்தினேன் என்று எந்தக் கருவியும் காட்டவில்லை. ஒருவர் நம் பேச்சை நம்பத் தொடங்கிவிட்டால், அதற்குப் பிறகு நாம் சொல்கிற பொய்யின் எடையே வேறு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூதலூருக்குப் போகிறேன். அன்று காலையில் கொள்முதல் நிலையத்து வாசலில் ஊரே மூட்டைகளோடு காத்திருக்குமாம். அங்கே நின்று சொல்ல வேண்டும். அதன் பிறகு, அந்த அக்கா சம்மதித்தால், அவரை முன்சீட்டில் உட்கார வைத்து, நெல் இல்லாத வெறும் ரோட்டில், அவர் 'நிறுத்து' என்று சொல்கிற இடத்தில் அதே காரை நிறுத்திக் காட்ட வேண்டும். அவர் ஏறுவாரா என்று தெரியவில்லை. கேட்டுப் பார்க்கத்தான் போகிறேன்.