கரிக்கட்டியில் எழுதிய பஸ் போர்டு

ஓசூரில் கம்பெனி வேலைக்கு வந்து பதினோரு வருடம் ஆகியும் எனக்குக் கன்னட எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. கன்னடம் பேசுவேன். கர்நாடக பஸ்ஸின் போர்டைப் படிக்க வராது, யாரையாவது கேட்டுத்தான் ஏறுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது படிக்கும் மகளை கர்நாடக எல்லைக்குள், அத்திப்பள்ளியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தேன். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு பஸ் வந்து நின்றது. யாரையும் கேட்க நேரமில்லை. முண்டியடித்துப் படியில் கால் வைத்துவிட்டேன். மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, ஏறாதம்மா! இது ஆனேக்கல் போவுது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போர்டுல போட்டிருக்குதே. ஓசூர்னா மொதல்ல 'ஹொ' வரும். கன்னடத்துல நம்ம ஊரு ஹொசூரு."

கண்டக்டரும் "ஆனேக்கல், ஆனேக்கல்" என்று கத்தினார். இறங்கிவிட்டேன்.

அடுத்த பஸ்ஸில் இடம் கிடைத்ததும் கேட்டேன். "யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லித் தரல. பஸ் வெளாட்டு வெளாடுவோம்."

பக்கத்து வீட்டுப் பெண் கன்னடப் பள்ளியில் ஐந்தாவது படிக்கிறாள். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் கரிக்கட்டியால் ஊர்ப் பெயர் எழுதுவாளாம். சரியாகப் படித்தால்தான் பஸ்ஸில் ஏறலாம். அடுத்த முறை என் மகள் தமிழில் எழுதுவாளாம்.

"அந்தக்காவுக்கு 'ழ' வரவே வராது. நான்தான் கையப் புடிச்சு எழுத வச்சேன்" என்றாள், பெருமையாக.

எனக்குச் சுருக்கென்றது. சுவரைக் கரியாக்குகிறார்கள் என்று அந்த வாரம்தான் இருவரையும் திட்டியிருந்தேன். என்ன எழுதுகிறார்கள் என்று ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்ததும் தொட்டியடிக்குப் போனேன். இருவரும் கரியைப் பின்னால் ஒளித்தார்கள்.

"திட்ட வரல. என்னையும் சேத்துக்குங்க."

ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். பெரியவள் ஒரு பெயர் எழுதினாள். எழுத்துக்கெல்லாம் தலையில், டீச்சர் நோட்டில் போடும் டிக் மாதிரி ஒன்று இருந்தது. எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. குத்துமதிப்பாக "பெங்களூரு" என்றேன்.

"தப்பு ஆன்ட்டி! பஸ் போயிடுச்சு. அடுத்த பஸ்ஸுக்கு நில்லுங்க."

அன்று நான்கு பஸ்ஸை விட்டேன். ஐந்தாவதில் முதல் எழுத்து மட்டும் பிடிபட்டது. "ஹொ" என்று நான் சொன்னதும் இருவரும் கைதட்டிக் குதித்தார்கள். மகள் நகர்ந்து, தன் பக்கத்தில் எனக்கு இடம் விட்டாள்.