பீச்சாங்கை வேட்பாளர்

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிய வருஷம் என் அத்தை தேர்தலில் நின்றாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தை அப்பாவுக்குத் தங்கை. எங்கள் எதிர்வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள். தச்சநல்லூரில் டைப்பிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தாமிரபரணி கூப்பிடு தூரத்தில் ஓடியும் எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் கிடையாது. மூன்று வருஷம் மனு மேல் மனுவாக எழுதி, கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து அதைக் கொண்டுவந்தவள் அத்தை. அத்தனை மனுவையும் இடது கையால்தான் எழுதினாள். பிறவியிலேயே அவள் இடதுகைக்காரி. அதுவரை அது யாரையும் உறுத்தவில்லை. குழாய்த் தண்ணீர் எல்லோருக்கும் இனிக்கத்தான் செய்தது.

எதிர்த்து நின்றது ஒரு காண்ட்ராக்டரின் மனைவி. அவர் கட்டிய வாய்க்கால் பாலம் முதல் மழைக்கே கரைந்துபோனது ஊரறிந்த சங்கதி. அந்த அம்மாள் ஓட்டுக் கேட்டு வந்தபோது ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டுச்சேலை, வைர மூக்குத்தி, ஒரு கும்பிடு, ஒரு சிரிப்பு. "மகாலட்சுமி மாதிரில்லா இருக்கா" என்றார்கள். வேறென்ன வேண்டும் எங்கள் ஊருக்கு?

அத்தையோ சாக்கடையை எப்படிச் சரிசெய்வேன், தண்ணீர்த் தொட்டியை எங்கே கட்டுவேன் என்று வாசல் வாசலாக நின்று விளக்கினாள். ஓட்டுக் கேட்க வருகிற பெண்கள் குங்குமம் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். முதல் வீட்டிலேயே அத்தை குங்குமச் சிமிழை இடது கையால் நீட்டிவிட்டாள். அந்த வீட்டு அம்மாள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"பீச்சாங்கையால குங்குமம் கொடுக்குதா. இவ வந்தா ஊரு வெளங்குமா?"

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க இதே பேச்சு. கரைந்த பாலத்தைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

அத்தையின் வீட்டுக்காரர், என் மாமா, ஒரு யோசனை கண்டுபிடித்தார். மறுநாள் காலையில் அத்தையின் இடது கையில் பஞ்சை வைத்துப் பெரிய கட்டாகப் போட்டுவிட்டார். "கேட்டா, வெந்நி கொட்டிட்டுன்னு சொல்லு. எலெக்சன் முடியுத மட்டும் அந்தக் கை சும்மா கிடக்கட்டும்." அத்தை கூனிக் குறுகிப்போனாள். ஆனாலும் சம்மதித்தாள். அந்தத் தொட்டியைக் கட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு அத்தனை ஆசை. குழாய் கொண்டுவந்த கையை ஒளித்துவைத்து ஓட்டுக் கேட்க வேண்டியிருந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்றாம் நாள், பலசரக்குக் கடை அண்ணாச்சி என்னைப் பார்த்து, "ஏட்டி, அத்தைக்குப் புண்ணு ஆறிட்டா?" என்று விசாரித்தார்.

"புண்ணே கிடையாது அண்ணாச்சி. பீச்சாங்கையை நீட்டிரக் கூடாதுன்னு மாமா கட்டிவிட்டிருக்காவ" என்றேன். கடையில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள்.

அதோடு தீர்ந்தது. "இப்பவே இப்படி ஏமாத்துதாளே, ஜெயிச்சா என்னெல்லாம் செய்வா?" என்று நியாயம் பேசினார்கள். பாலத்தில் ஊரையே ஏய்த்தவர் வீடு நல்ல வீடு. கையில் துணி சுற்றியவள் ஏமாற்றுக்காரி. அத்தை தோற்றாள். எங்கள் தெருவில்கூட எங்கள் இரண்டு வீட்டைத் தவிர வேறு யாரும் அவளுக்கு ஓட்டுப் போடவில்லை என்று அப்பா சொன்னார். அது எப்படித் தெரியும் என்று நான் அவரை நம்பவில்லை.

ஆறே மாதத்தில் குழாயில் தண்ணீர் நின்றது. புதுத் தலைவி வீட்டு வாசலில் காத்துக்கிடந்து பார்த்துவிட்டு, தெருப் பெண்கள் பத்துப் பேர் வெள்ளைத்தாளோடு அத்தையிடம் வந்தார்கள். முதல் வீட்டு அம்மாளும் வந்திருந்தாள். அத்தை தாளை வாங்கி இடது கையால் மனு எழுதினாள். "எழுத்துன்னா இதுல்லா எழுத்து" என்று அந்த அம்மாளே மெச்சினாள்.

நான் சும்மா இருக்காமல், "நீங்கள்லாம் அத்தைக்குத்தான ஓட்டுப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"பின்ன, ஒங்க அத்தைக்குப் போடாம வேற யாருக்குட்டி போடுவோம்?" என்றாள் அவள். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா சொன்னது பொய்தான். "பாருங்க அத்தை, இத்தன பேரு ஒங்களுக்குத்தான் போட்டிருக்காவ" என்று ஒவ்வொருத்தியாகக் கைகாட்டினேன். அத்தை மனுவை மடித்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து விசும்பல் கேட்டது. இவ்வளவு நல்ல சேதியைக் கேட்ட பிறகும் ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.