ஒரே திரையில் ஒரு விரிப்பு

செய்தி வந்தபோது பிற்பகல் மூன்று பத்து. நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான் தம்பி. அக்காவின் மாடி வீட்டுக்காரர் போனில், "கொஞ்சம் கிளம்பி வாங்க" என்றார். அந்தக் 'கொஞ்சம்' எத்தனை பெரியது என்று அவர் குரலே சொல்லிவிட்டது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருக்கிறாள். இதயம்தான் என்றார் டாக்டர். எதிரே புது மானிட்டர் எரிந்துகொண்டிருந்தது.

அந்த மானிட்டரை வாங்கிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

அக்காவுக்கு மில்லில் 'கட்டக்கா' என்று பெயர். படுக்கைவிரிப்புக்கு டிசைன் போடுவது அவள் வேலை. நூலும் நூலும் குறுக்கிடும் இடம் ஒவ்வொன்றும் ஒரு கட்டம். கட்டம் கட்டமாக நிறம் வைத்துத்தான் பூவும் கொடியும் வளரும். இருபத்திரண்டு வருஷமாக வீட்டிலிருந்தே செய்தாள். கல்யாணப் பேச்சு எடுத்தால், "நாள் பூரா ஜோடி ஜோடியா பூ வரையிறேன், அது போதாதா?" என்பாள்.

இத்தனை வருஷத்தில் தான் வரைந்த ஒரு விரிப்பைக்கூட, நெய்வதற்கு முன்னால் அவள் முழுதாகப் பார்த்ததில்லை. பழைய திரையில் ஏழில் ஒரு பங்குதான் தெரியும். சுருக்கிப் பார்த்தால் ஒற்றைக் கட்டக் கோடுகள் மறைந்துவிடும். துண்டு துண்டாக வரைந்து, மனசுக்குள் ஒட்டிக்கொள்வாள். போன முறை ஒட்டு தவறிவிட்டது. நடுவில் கொடி இரண்டு கட்டம் விலகி, அப்படியே இருநூறு விரிப்பு நெய்துவிட்டார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும் என்றார் மேனேஜர். அன்றைக்கு அக்கா காகிதத்தில் கணக்குப் போட்டாள். அகலத்தில் மூவாயிரத்து அறுநூறு கட்டம், உயரத்தில் இரண்டாயிரம். "ஃபோர்-கே திரையில அப்படியே அடங்கிடும்டா. ஒரு புள்ளிக்கு ஒரு கட்டம்."

கடைக்குக் கிளம்பும்போது கம்ப்யூட்டர் பெட்டியையும் துணிப்பையில் போட்டு, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதை எதுக்குக்கா தூக்கிட்டு வர்ற?"

"செருப்பு வாங்கப் போறவ காலை வீட்டுல விட்டுட்டா போவா?"

கடைக்குள் பகலிலேயே இருட்டு. நாற்பது திரைகளிலும் ஒரே கடல், ஒரே நீல மீன். ஒரு திரையின் விளிம்பில் மறையும் மீன் அடுத்த திரையில் நுழைவதுபோல் இருந்தது. அக்கா அவற்றுக்கு நடுவே மெல்ல நடந்தாள். அவள் வெள்ளைச் சேலை நீலமாகி, மறுபடி வெள்ளையாகி, மறுபடி நீலமாயிற்று. வந்த வேலையை மறந்துவிட்டாளோ என்று தம்பிக்குத் தோன்றியது.

கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "மேடம், இதுல தனி கிராபிக்ஸ் கார்டு இல்ல. பிராசசரோடயே வர்றதுதான். ஃபோர்-கேன்னா திணறும். ஒரு கார்டும் சேர்த்துப் போட்டுடலாம்."

"நான் என்ன சண்டை விளையாட்டா ஆடப்போறேன்? என் படம் அசையாம நிக்கும். நிக்கிறதைக் காட்டுறதுக்கு எதுக்குங்க அவ்வளவு பலம்? மாட்டித்தான் பாருங்களேன்."

மாட்டினார். வந்தது. திணறவில்லை. கடைக்காரர் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தார்.

இருபத்துநாலு அங்குலத்தில் கட்டங்கள் கண்ணுக்குத் தட்டாத அளவுக்குப் பொடியாகிவிட்டன; வேண்டாம் என்றாள். முப்பத்திரண்டு அங்குலத்தில் ஒன்று கண்ணாடிபோல் பளபளத்தது. அதில் பூவுக்கு மேல் அவள் முகம் தெரிந்தது. "என் மூஞ்சிய போர்த்திக்கிட்டு யாருக்குத் தூக்கம் வரும்?" என்று ஒதுக்கினாள். பளபளப்பில்லாத, மங்கிய தாள் போன்ற ஒன்றைத் தேர்ந்தாள்.

வீட்டில் மானிட்டரோடு வந்த கேபிளை மாட்டியபோதுதான் வினை தொடங்கியது. படம் வந்தது, ஆனால் மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி ஒரு கணம் யோசித்துவிட்டுப் பின்னால் வந்தது. தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தலையில கட்டிட்டான் பாரு! நாளைக்கே திருப்பிக் கொடுத்துடலாம்."

"கத்தாத. கடையில சரியாத்தானே ஓடுச்சு? அவர் மாட்டின கேபிள் வேற மாதிரி இருந்துச்சே." அவள் அம்புக்குறியை இங்கும் அங்கும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது நல்லாத்தான்டா இருக்கு. தண்ணிக்குள்ள கையை விட்டு அளையிற மாதிரி."

கேபிளைப் பற்றி அவள் சொன்னதுதான் சரி. இந்தப் பழைய பெட்டியின் ஒரு துளை வழியாக ஃபோர்-கே படம் விநாடிக்கு முப்பது முறைதான் போகும். பக்கத்துத் துளை வழியாக அறுபது. மறுநாள் அதற்கான கேபிளை வாங்கி வந்து மாட்டினான். அம்புக்குறி சொன்ன பேச்சைக் கேட்டது. அக்கா மட்டும், "நேத்து இருந்ததுல ஒரு சுகம் இருந்துச்சு" என்றாள்.

பிறகு, மில்லுக்கு அனுப்பவேண்டிய புது டிசைனை முழுதாகத் திறந்தாள். மரங்களும் மேகமும் பறவைகளுமாக ஒரு விடியற்காலை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தாள், இன்னும் பின்னால், சுவர் முதுகில் இடிக்கும்வரை. தம்பி அவள் கண்ணைப் பார்த்தான். பார்க்கக் கூடாததைப் பார்த்தவன்போல் மறுபடி திரையைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் அவள் விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"என்னக்கா?"

"பறவையப் பாருடா! இந்தப் பாதி அந்தப் பக்கம் போகுது, அந்தப் பாதி இந்தப் பக்கம் வருது. நடு வானத்துல டமார்னு முட்டிக்கப் போகுது!"

துண்டு துண்டாக வரைந்தபோது எந்தப் பறவையிலும் குற்றம் தெரியவில்லை. "துணியில வர்றதுக்கு முன்னாடி கண்ணுல பட்டுச்சே, போதும்" என்றாள். மேனேஜருக்குப் போன் போட்டு இரண்டு வாரம் தவணை கேட்டாள். வலப் பாதியில் முப்பத்தெட்டுப் பறவைகள். சிறகுகள் இலைகளோடு பின்னிக் கிடந்ததால் சட்டென்று புரட்டிவைக்க முடியாது. ஒவ்வொன்றையும் கட்டம் கட்டமாகக் கலைத்து வரையவேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு, மனசிருந்தால் மூன்று.

காரியங்கள் முடிந்து எல்லோரும் போனபின் தம்பி அந்தத் திரையைப் போட்டான். அவளைப்போலவே சுவர்வரை பின்னால் போய் உட்கார்ந்தான். அறை விளக்கை அணைத்திருந்ததால் மேகம் சுவரிலும் கொஞ்சம் படர்ந்தது. வெகுநேரம் கழித்துத்தான் எண்ணினான். இருபத்துமூன்று பறவைகள் திரும்பியிருக்கின்றன. பதினான்கு இன்னும் எதிரே வருகின்றன. இருபத்துநான்காவதற்குத் தலை மட்டும்தான் திரும்பியிருக்கிறது.