இடது தோள்

எனக்குச் சித்திரம் படிப்பித்தவர்கள் இரண்டு பேர். ஒருவருக்கு மாணவர்களின் தாளில் கை வைக்காமல் இருக்க முடியாது. மற்றவர் தலைகீழாக நின்று கேட்டாலும் கை வைக்கமாட்டார். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துக் கொழும்பில், ஒரு சித்திரப் பள்ளிக்கூடத்தில், இவர்கள் இருவரிடமும் நாலு வருடம் அகப்பட்டு முழுசாக வெளியே வந்தவள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை, பெருமைதான்.

கை வைப்பவர் கரிக்குச்சியால் உருவம் கீறப் படிப்பித்தவர். கொட்டாஞ்சேனைக்காரர். வெள்ளைக் கோட்டுப் போட்டிருப்பார், ஆனால் அதன் வலது பை எப்போதும் கறுத்திருக்கும். கரிக்குச்சிகளை அதற்குள்தான் போடுவார். ட்றாமில் வரும்போது எதிரே இருப்பவர்களை டிக்கற்றின் பின்பக்கத்தில் கீறுவார். ஒருநாள் பரிசோதகர் டிக்கற்றை வாங்கித் திருப்பிப் பார்த்தால் அவருடைய மூக்கே அதில் இருந்ததாம். இறங்கும்வரை மனிதர் முறைத்துக்கொண்டே வந்தார் என்று சேர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வாத்தியார்களை அங்கே சேர் என்றுதான் கூப்பிடுவோம்.

வகுப்பில் நாங்கள் கீறிக்கொண்டிருக்கும்போது முதுகுப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்கும்.

"எழும்பும் பிள்ளை."

எழும்பி இடம் கொடுக்கவேண்டும். அவர் எங்கள் வாங்கில் உட்கார்ந்து, பாண் ரொட்டித் துண்டைப் பிய்த்து உருட்டி, ஒரு மணித்தியாலம் நாங்கள் பட்ட பாட்டை ஒரே தேய்ப்பில் அழித்துவிட்டுத் தானே கீறுவார். கரியை அழிக்க அந்நாளில் பாண்தான் நல்லது. உலக யுத்த காலம், அரிசிக்கும் மாவுக்கும் பங்கீட்டுக் கூப்பன். "தின்னப் பாண் இல்ல, இவள் படம் அழிக்கக் கொண்டு போறாள்" என்று வெள்ளவத்தை வீட்டில் அம்மா தினமும் காலையில் தொடங்கிவிடுவா. பசி தாங்காமல் நாங்கள் அதைத் தின்றுவிடுவதும் உண்டு. அன்றைக்குச் சேருக்கு அழிக்க ஒன்றும் இருக்காது. "பாணைத் திண்டிட்டீர், பிழை தாளிலயே நிக்குது" என்று சொல்லித் தன் சாப்பாட்டுப் பொட்டலத்திலிருந்து ஒரு துண்டு எடுத்துத் தருவார்.

மற்றவர் வர்ணம் படிப்பித்தார். யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டு கையையும் பின்னால் கட்டியபடி வகுப்பைச் சுற்றிச் சுற்றி வருவார். யாராவது பிழை விட்டால் பக்கத்தில் நின்று "பாரும்" என்பார். அவ்வளவுதான். எதைப் பார்ப்பது என்று ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"அதையும் பாத்துத்தான் கண்டுபிடிக்க வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானத்தில் இருவரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். "நீர் பிள்ளையளின்ர கையைப் பறிக்கிறீர்" என்பார் வர்ணக்காரர். "நீர் பிள்ளையளைக் கண்ணைக் கட்டிக் காட்டில விடுறீர்" என்பார் கரிக்காரர். சண்டை பிடித்தபடியே ஒருவர் மற்றவரின் கறியில் கை போடுவார்.

கடைசிப் பரீட்சை வந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சித்திர ஆசிரியை வேலை எனக்காகக் காத்திருந்தது. தை மாதம் சான்றிதழோடு வந்தால் வேலை உமக்கு, இல்லாவிட்டால் அடுத்தவளுக்கு என்று அங்கே தலைமைக் கன்னியாஸ்திரியாக இருந்த மதர் சொல்லிவிட்டா. நான் அடுத்தவளின் முகத்தைக்கூட மனதில் கீறி வைத்து வெறுத்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மணித்தியாலம் கரிச் சித்திரம். நாங்கள் பார்த்துக் கீறுவதற்கு முன்னால் இருந்து தர வருபவர் ஒருகொடவத்தைப் பக்கத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்த ஒரு மனிதர். இருக்கச் சொன்னால் கால்மணியில் நித்திரையாகிவிடுவார். கண்காணிக்க எங்கள் இரண்டு சேரும். வேறொருவர் கை பட்ட தாள் செல்லாது என்ற விதியைக் காலையில் உரக்க வாசித்தவர் கரிக்கார சேர்தான்.

ஐந்தேகால் மணித்தியாலம் முடிந்திருக்கும். தோள் ஒத்துவராமல் நான் திண்டாடிக்கொண்டிருந்தேன். முதுகுப் பக்கம் அந்தப் பெருமூச்சு கேட்டது.

"எழும்பும் பிள்ளை."

நானும் எழும்பினேன். நாலு வருடப் பழக்கம் அப்படி. அவர் உட்கார்ந்தார், என் பாணை எடுத்து உருட்டினார், இடது தோளை அழித்தார், கீறினார். வாசலில் இருந்த வர்ணக்கார சேர் இருமினார். மறுபடியும் இருமினார். கரிக்காரர் நிமிர்ந்து பார்த்தபோது வகுப்பு முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய கையிலிருந்து குச்சி விழுந்தது. கொட்டாஞ்சேனை வேலை போய்விட்டது என்று அந்த இடத்திலேயே அழுதேன்.

அதிபரை அவரே போய் அழைத்துவந்தார். "பிழை என்ர. பிள்ளையில ஒரு குற்றமும் இல்ல" என்று தமிழில் சொல்லி, அதிபர் வெள்ளைக்காரர் என்பது ஞாபகம் வந்ததும் இங்கிலீஷில் சொன்னார். அதிபர் என் தாளில் சிவப்புப் பென்சிலால் குறுக்கே கோடு போட்டார். அப்போதுதான் வர்ணக்கார சேர் வாயைத் திறந்தார். வகுப்பில் ஒரு சொல்லுக்கு மேல் லேசில் பேசாத மனிதர், கட்டிய கையை அவிழ்த்து விரலால் மணிக்கூட்டைக் காட்டி, பரீட்சை இன்னும் முடியவில்லை, மிச்ச அரைமணியையும் ஒரு புதுத் தாளையும் பிள்ளைக்குக் கொடுக்கத்தான் வேண்டும் என்று இங்கிலீஷில் பொரிந்து தள்ளினார். அதிபர் தலையாட்டினார்.

கரிக்காரர் வெளியே போய் விறாந்தையில் நின்றுகொண்டார். நித்திரை கலைந்து எழுந்த மனிதர் நடந்ததைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீ வரையும்மா. நான் அசையமாட்டேன்."

அசையவும் இல்லை, கண்ணை மூடவும் இல்லை. நான் பாணைத் தொடவேயில்லை. அழிக்க நேரம் இல்லை. முதற்கோடு விழுந்ததுமே கை தானாகப் போயிற்று. ஆறு மணித்தியாலப் படத்தை அரைமணியில் கீறினேன். மணி அடித்தபோது வர்ணக்கார சேர் பக்கத்தில் வந்து நின்றார். "பாரும்" என்று சொல்லவில்லை. அவரே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தாளோடு நான் சித்தியடைந்தேன், தை மாதம் வேலைக்குப் போனேன்.

அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமை, நான் படிப்பிக்கும் பிள்ளைகளின் படங்களைக் காட்டப் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டேன். சிவப்புக் கோடு விழுந்த என் பழைய தாள் சுவரில் குத்தியிருந்தது. புது மாணவர்களுக்கு அதைக் காட்டிக் கரிக்கார சேர் கதைத்துக்கொண்டிருந்தார்.

"வடிவாப் பாருங்கோ. தலை சரி, முதுகு சரி, கால் சரி. இந்த இடது தோள் மட்டும் பிழை. அது ஆர் கீறினது தெரியுமோ? நான். அந்தப் பிள்ளையின்ர படத்தை நான்தான் பழுதாக்கினனான்."

கண் நிறைந்துவிட்டது. என் சேர் என்று நெஞ்சு பூரித்தது. சித்தியடைந்த தாளில் நான் தோளை வைத்தது, அவர் அழித்துக் கீறிக் காட்டிய அதே இடத்தில்தான். சுவரில் இருந்த அந்தப் படத்தில் பிழையில்லாத இடம் அந்தத் தோள் ஒன்றுதான். அது எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.