உப்புப் போட்ட பெட்டி

“...கெட்டுப்போயிட்டா மறுபடி முதல்லேர்ந்துதான் மாமா. உருகிடாம மட்டும் பாத்துக்குங்க” என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே சித்தி எங்கள் வீட்டுத் தரையில் சாய்ந்தாள். சொல்ல வேண்டிய மீதியைத் தூக்கம் பிடுங்கிக்கொண்டது.

புயல் ஓய்ந்த மறுநாள் அது. ஊரே அலுத்துக் கிடந்தது. லாஸ்பேட்டையில் சித்தி ஆராய்ச்சி செய்த கல்லூரியில் மின்சாரம் போய், ஜெனரேட்டருக்கு டீசலும் தீர்ந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்து ஐஸ் வைத்திருந்தவர் என் அப்பாதான். குருசுக்குப்பத்திலிருந்து கடற்கரைக்குக் குல்பி வண்டி தள்ளுகிறவர்.

அவள் கொண்டுவந்த தெர்மாகோல் பெட்டியில் ஐஸுக்குள் செருகிய சின்னக் குப்பிகள். லைசின் என்றொரு அமினோ அமிலம். நம் உடம்புக்கு அதைச் செய்யத் தெரியாது, பாக்டீரியாவுக்குத் தெரியும். செய்துகொடுக்கிற நொதிக் குடும்பம்தான் குப்பிகளில் இருந்தது. “எல்லாம் பங்காளிங்க. ஆனா ஒவ்வொண்ணும் ஒரு குணம்” என்பாள். அந்த நொதியைக் கட்டிப்போட்டால் கிருமி சாகும், நமக்கு ஒன்றும் ஆகாதாம். மாதக்கணக்காக வடித்தெடுத்தது. அது வேலை செய்வதை அளந்து காட்டினால்தான் அவள் ஆய்வேட்டை முடிக்க முடியும்.

ஐஸுக்கு உப்புதான் உயிர், அது சேர்ந்து குளிர் ஏறினால்தான் குல்பி உறையும் என்பார்கள் குல்பிக்காரர்கள். அப்பா இரண்டு கை கல்லுப்பை அள்ளி ஐஸில் கலந்து, அழுத்தி மூடினார். “குல்பியே கல்லு மாதிரி நிக்குது, இது நிக்காதா?” என்று அம்மாவிடம் பெருமை வேறு.

சாயங்காலம், கரண்ட் வந்துவிட்டதாகப் போன் வந்தது. சித்தி எழுந்து பெட்டியைத் திறந்தாள். குப்பிகள் இறுகி உறைந்திருந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். கொண்டுவந்தபோது தெளிந்த தண்ணீராக இருந்தது, இப்போது கரைந்ததும் திரிந்த பால் மாதிரி திப்பிதிப்பியாக நின்றது. சில்லென்று இருக்கலாம், உறையக் கூடாது. அது எங்கள் யாருக்கும் தெரியாது.

“என்னம்மா, கெட்டியா இருக்குதா?” வாசலிலிருந்து கேட்டார் அப்பா.

“இருக்குது மாமா. சொட்டுகூட உருகல.”

“நம்ம கை பட்டா சும்மாவா.”

அந்தக் குப்பியைச் சித்தி துப்பட்டாவுக்குள் ஏன் மறைத்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. அவள் முகத்திலிருந்ததைத் தூக்கக் கலக்கம் என்றே நினைத்தேன்.

அப்பா ஸ்கூட்டரைக் கிளப்பினார். “மெதுவாப் போங்க மாமா, குலுங்கிடப் போவுது” என்று சொல்லிப் பின்னால் ஏறி உட்கார்ந்த சித்தி, பெட்டியை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.