வேடியப்பன் கையில் கத்தி

காலை ஏழு மணிக்கு ஆலங்காயத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். நெல்லிவாசல்நாட்டுக்கு ஷேர் ஜீப், ஆளுக்கு எண்பது ரூபாய். ஜீப் இருந்தது, டிரைவர் இருந்தார், ஆள்தான் இல்லை. "ஆளு சேரட்டும்ங்க" என்று சொல்லிவிட்டு அவர் டீக்கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். ஒன்பதரை வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

என்னோடு வந்தவள் என் அக்கா மல்லிகா. ரங்கூனில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், ஜனநாயகம் கேட்டு அமைதியாக ஊர்வலம் போனவர்களைச் சுட்டார்கள். அவளுடைய ஒரே மகன் செல்வமும் அதில் போய்விட்டான். உடம்பைக்கூடக் கொடுக்கவில்லை. கத்தியோடு தாக்க வந்தான் என்று அரசாங்கம் சொன்னது. அவன் வெறுங்கையோடு நடந்ததைப் பக்கத்தில் போனவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அக்காவை அரித்தது அந்தப் பொய்தான்.

எங்கள் குலதெய்வம் வேடியப்பன். அந்தக் காலத்தில் சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட கல்லைத்தான் இங்கே அந்தப் பேரில் கும்பிடுகிறோம். செல்வத்துக்கும் நெல்லிவாசல்நாட்டு வேடியப்பன் பக்கத்தில் ஒரு கல் நட வேண்டும் என்று கல் கொத்தும் கோவிந்தனிடம் அக்கா போனிலேயே சொல்லியிருந்தாள்.

ஜீப்பில் யாருடைய சாமை மூட்டையோ வழி முழுக்க என் கால்மேல் இருந்தது. நகர்த்தச் சொன்னால், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்றார்கள். அட்ஜஸ்ட் பண்ணியதில் கால் மரத்துப்போனது.

பதினொரு மணிக்குக் கல்லைப் பார்த்தோம். முகம் செல்வம் மாதிரி இல்லை, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வலது கையில் முழ நீளத்துக்கு ஒரு கத்தி! எனக்கு வந்ததே ஆத்திரம். ஏன் ஐயா, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று கத்தினேன். கோவிந்தனுக்கு நான் எதற்குக் கத்துகிறேன் என்றே விளங்கவில்லை. கத்திக்குத் தனியாகக் கூலிகூடக் கேட்கவில்லையே என்றார். சுட்டவன் பொய்யாகக் கொடுத்த கத்தியை இவர் பக்தியோடு கொடுத்திருக்கிறார், யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

"ஆயுதம் இல்லாம இன்னா வேடியப்பன்ங்க? சண்ட போட்டு செத்தவருதானே?" என்றார்.

அக்கா குறுக்கே வந்தாள். "சண்டயே போடலங்க. ஓட்டு போட்டான். போட்ட ஓட்டு எங்கன்னு கேக்கப் போனான்" என்றாள்.

கோவிந்தன் உளியை எடுத்தார். மதியத்துக்குள் கத்தி உதிர்ந்துவிட்டது. அது இருந்த இடம் மட்டும் சொரசொரப்பாக நின்றது. இழைத்துத் தருகிறேன் என்றார். அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த வெறுங்கையில் மஞ்சள் பூசினாள்.

கல்லை நட்டு, பூசை முடித்து, சாயங்காலம் திரும்பும்போதும் அதே ஜீப், அதே டிரைவர், ஆள் சேரவில்லை. கடைசி பஸ் போய்விடுமே என்று நான் பொரிந்து தள்ளினேன். ஏறி உட்கார்ந்த ஒரு அம்மா, யாருக்குக் கல் நட்டீர்கள் என்று கேட்டாள். அக்கா முதலிலிருந்து சொன்னாள். அடுத்து ஏறியவர்களுக்கு மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.

நான் டிரைவரை அதட்ட எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இருடா. ஆளு சேரட்டும்."